கட்டியும் குறையாத கல்விக் கடன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: படிப்பு முடிந்து மூன்று வருடமாக மாதம் தவறாமல் கட்டுகிறேன். பாக்கியைப் பார்த்தால் வாங்கியதைவிட அதிகமாக இருக்கிறது. கணக்கில் தவறா?

பதில்: பெரும்பாலும் தவறு இருக்காது. அதுதான் கொடுமை. ஒரு கணக்குப் போடுவோம். நான்கு வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1,00,000 கடன், வட்டி 8%. எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற காலத்தில் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். முதல் வருடம் வாங்கியதற்கு நான்கு வருட வட்டி, அடுத்ததற்கு மூன்று என்று கூட்டினால் தனிவட்டியே 80,000. வேலை தேட ஆறு மாத அவகாசம் கொடுத்தால் அதற்கு 16,000. தவணை தொடங்கும் நாளில் இந்த 96,000 அசலோடு சேர்க்கப்படும். அன்றிலிருந்து வட்டி 4,96,000-க்கு.

இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 6,018. முதல் தவணையில் 3,307 வட்டிக்கே போய்விடும். சம்பளம் போதாமல், மாதம் 2,500 மட்டும் கட்டும் ஏற்பாட்டுக்கு மாறியிருந்தால் வட்டிகூட முழுதாக அடைபடாது. மாதம் 807 பாக்கியில் ஏறும். உங்களுக்கும் இதுபோலத்தான் நடந்திருக்க வேண்டும்.

கடன் கொடுத்தவரிடம் தொடக்கம் முதலான முழுக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தவணையிலும் அபராதத்துக்கு, வட்டிக்கு, அசலுக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். வட்டியை அசலில் சேர்த்த தேதிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்; தவணையை ஒத்திவைத்தபோதெல்லாம் அது நடந்திருக்கலாம். கையில் உபரிப் பணம் வந்தால், நிலுவை வட்டி போக மீதியை அசலில் கழிக்கும்படியும், அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைக்க வேண்டாம் என்றும் எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால், அடுத்த மாதம் கட்ட வேண்டியதில்லை என்று காட்டி, உங்களைக் கட்டாமல் இருக்க விட்டுவிடுவார்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் தவணை தொடங்கும்வரை அந்தந்த மாத வட்டியையாவது கட்டிவந்தால் அந்த 96,000 அசலில் ஏறாது.

கேள்வி: தவணையைக் குறைக்க, காலத்தை 20 வருடமாக நீட்டச் சொல்கிறார்களே?

பதில்: அதே 4,96,000-க்குத் தவணை 4,149 ஆகும். மொத்தமாகக் கட்டுவது 7,22,160-லிருந்து 9,95,760 ஆகிவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். சம்பளம் ஏறியதும் பழைய தவணைத் தொகையையே கட்டுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தொழிலில் நொடித்தவர் திவால் மனு போட்டு மீள்கிறார். படித்துக் கடன்பட்டவர் ஏன் மீள முடியாது?

பதில்: அமெரிக்காவைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அங்கே கல்விக் கடனைத் திவாலில் நீக்குவதற்கு 1976-ல் வந்த தடை, முதலில் தவணை தொடங்கி ஐந்து ஆண்டுகள் வரை மட்டுமே இருந்தது. 1998-ல் அரசுக் கடன்களுக்குக் காலவரம்பே இல்லாமல் போனது. 2005-ல் தனியார் கல்விக் கடன்களும் அதில் சேர்ந்தன. வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. கடனைக் கட்டினால் அளவுக்கு மீறிய துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். அதற்குத் திவால் வழக்குக்குள்ளேயே தனி வழக்குத் தொடுக்க வேண்டும். கடன்பட்டவனுக்கு வக்கீல் கட்டணம் எங்கிருந்து வரும் என்று சட்டம் கேட்பதில்லை.

கேள்வி: கல்லூரிப் பக்கமே போகாத தொழிலாளியின் வரிப்பணத்தில் பட்டதாரியின் கடனைத் தள்ளுபடி செய்வது நியாயமா?

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொழிலாளியின் பிள்ளைதான் பல வீடுகளில் கடன்காரர். கையில் 4,00,000 வைத்திருந்த குடும்பம் அதோடு செலவை முடித்துவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில், அதே பட்டத்துக்குக் கடன் வாங்கிய குடும்பம் 7,22,160 கட்டுகிறது. அமெரிக்காவில் தவணை தவறுவோரில் பெருங்கடன் வாங்கிய டாக்டர்களும் வக்கீல்களும் குறைவு. சிறு கடனோடு படிப்பைப் பாதியில் விட்டவர்களே அதிகம். பட்டம் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது.

அங்கே ஒருவருக்கு 10,000 டாலர் வரையும், ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரையும் தள்ளுபடி செய்யும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 30 அன்று ரத்து செய்தது. ஒருமுறைத் தள்ளுபடி மட்டும் போதும் என்று நாங்களும் சொல்ல மாட்டோம். அடுத்த வருடம் சேரும் மாணவர் அதே வட்டியில்தான் கடன் வாங்குவார். கடனின் அமைப்பையே மாற்ற வேண்டும். ஜெர்மனியில் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவருக்குத் தரும் உதவியில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டுவதற்கு 10,010 யூரோ உச்சவரம்பும் உண்டு. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு ஆண்டு வருமானத்தில் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 9% பிடிக்கிறார்கள். 30,000 சம்பாதிப்பவர் கட்டுவது ஆண்டுக்கு 450. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் மீதிக் கடன் தள்ளுபடியாக முன்பெல்லாம் 30 ஆண்டு ஆகும்; அதை 40 ஆக்கிவிட்டார்கள். சீக்கிரம் அடைத்துவிடும் பெரிய சம்பளக்காரருக்கு அது உறைக்காது. நடுத்தரச் சம்பளக்காரர்தான் கூடுதலாகப் பத்து ஆண்டு சுமக்கிறார்.

கேள்வி: மகனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள். "சும்மா ஒரு சம்பிரதாயம்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: சம்பிரதாயம் என்றால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். உங்களை ஜாமீன்தாரர் என்று எழுதியிருக்கிறார்களா, கூட்டுக் கடனாளி என்றா? இரண்டாவது என்றால் முதல் தவணையிலிருந்தே அது உங்கள் கடனும்தான். மகன் தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்ணும் விழும். எத்தனை தவணை ஒழுங்காகக் கட்டினால் உங்களை விடுவிப்பார்கள், மாறும் வட்டி என்றால் அதற்கு உச்சவரம்பு என்ன, மாணவர் இறந்தாலோ உடல் முடங்கினாலோ பாக்கி யார் தலையில் என்ற மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது. தவணை அறிவிப்பின் நகல் உங்களுக்கும் வர ஏற்பாடு செய்யுங்கள். பல பெற்றோருக்கு விஷயம் தெரிவதே மூன்று தவணை தவறிய பிறகுதான். வீட்டுப் பத்திரத்தையும் கேட்டால், உதவித்தொகைக்கும் அரசுக் கடனுக்கும் மகன் விண்ணப்பித்து முடித்துவிட்டாரா என்று பார்த்த பிறகே அந்தப் பேச்சை எடுங்கள்.