மழைக்குப் பின் கருகும் நித்தியகல்யாணி

கேள்வி: கடலோர மணல் நிலம் ஒரு ஏக்கரில் புரட்டாசியில் மானாவாரியாக நித்தியகல்யாணி விதைத்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு, பள்ளமான பக்கத்தில் செடிகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகுகின்றன. உரம் போதவில்லையா ஐயா? (தூத்துக்குடி மாவட்ட விவசாயி)

பதில்: உரக்குறை இல்லை, இப்போது யூரியா போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்வது நுனிக்கருகல். பித்தியம் என்ற பூசணம் மழைக்காலத்தில் கொண்டுவருவது. மடகாஸ்கர் தீவின் மணலில் பிறந்த செடி இது. வறட்சியைத் தாங்கும், வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது. மழைநீரைப் பிடிக்கக் கட்டிய வரப்பே பள்ளத்துச் செடிக்கு எமனாகிவிடும்.

முதல் வேலை, தாழ்ந்த பக்க வரப்பை வெட்டி ஒரு அடி ஆழத்தில் வடிகால் எடுப்பது. தண்ணீர் வடியாமல் எந்த மருந்து அடித்தும் பயனில்லை. வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரின் தோல் வழுக்கிக் கழன்றால் அது பிழைக்காது. அப்படிப்பட்டவற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். நுனி மட்டும் கருகியவற்றில், கருகலுக்குக் கீழே பச்சைத் தண்டோடு சேர்த்து வெட்டி அகற்றிய பின், காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூசணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் வீதம் கலந்து, செடியும் அடித்தூரும் நனையத் தெளியுங்கள். 15 நாள் கழித்து, மண் ஈரமாக இருக்கும்போது, நோய்ப் பூசணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூசணம் 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூவுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால் தாமிரம் அந்த நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும்.

இலை சிறுத்துக் கொத்தாகி, பூ பச்சையாக மாறினால் அது வேறு நோய், தத்துப்பூச்சி பரப்புவது. அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி அழிக்க வேண்டியதுதான்.

அடுத்த பருவத்துக்கு: ஏக்கருக்கு 1 கிலோ விதை, பத்து மடங்கு மணலோடு கலந்து 45 செ.மீ. வரிசையில் விதைத்து, முளைத்த பின் செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு மிகுதிச் செடிகளைக் கலைத்துவிடுங்கள். பழைய விதை வேண்டாம். சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் சரியும். நுனிக்கருகலைத் தாங்கும் 'நிர்மல்' ரகம் கிடைத்தால் அதையே போடுங்கள்.

ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் இலை பறிப்பு. பன்னிரண்டாம் மாதம் தரையிலிருந்து 7.5 செ.மீ. விட்டுத் தண்டை அறுத்துவிட்டு, உழுது வேரெடுத்து, கழுவி நிழலில் உலர்த்துங்கள். மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோ உலர் வேர் வந்தால் நல்ல மகசூல். மருந்துக்காக வேரை வாங்குபவரிடம் விதைக்கும் முன்பே விலை பேசிவிடுவது அவசியம். செடி முழுக்க நச்சு, ஆகவே கழித்த தழையை ஆட்டுக்குப் போடாதீர்கள்.