லிங்கன் என்றால் எல்லாரும் பங்காளிகளா?

என் மனைவி வீட்டார் மாசசூசெட்ஸ்காரர்கள். அவர்கள் வம்சாவளியைத் தேடப் போய், நியூ இங்கிலாந்து எனும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதியின் பழைய பதிவேடுகளோடு இருபது வருடப் பழக்கம் ஆகிவிட்டது. ஒரே ஆங்கிலக் குடும்பப்பெயர் கொண்டவர்களை எப்படிப் பிரித்தறிவது என்று வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இங்கே.

என் மருமகனின் குடும்பப்பெயர் லிங்கன். ஆபிரகாம் லிங்கன் எங்கள் வம்சம்தான் என்கிறார் அவருடைய பாட்டி. பேத்திக்காக எழுதி வைக்க ஆசை. நம்பலாமா சார்?

இருக்கலாம் அம்மா. ஆனால் பெயரை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். பாஸ்டனுக்குத் தெற்கே ஹிங்காம் என்று ஓர் ஊர். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதி ஹிங்காமிலிருந்து 1630களில் கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தச் சின்ன ஊரில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் ஒரே காலத்தில் நான்கு பேர்! நம் ஊரில் டீக்கடை முருகன், டெய்லர் முருகன் என்போமே, அதுபோல நெசவாளி தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், மாவு ஆலை தாமஸ், குடியானவர் தாமஸ் என்று தொழிலைச் சொல்லித்தான் பதிவேடுகளும் அவர்களைப் பிரிக்கின்றன.

நெசவாளி தாமஸின் தம்பி சாமுவேல். அவரை முதலாக வைத்து எண்ணினால் ஆபிரகாம் லிங்கன் ஏழாம் தலைமுறை. அமெரிக்க விடுதலைப் போரில், 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது வாளை வாங்கிய ஜெனரல் பெஞ்சமின் லிங்கனும் ஹிங்காம்காரர்தான். ஆனால் அவர் பீப்பாய்க்காரர் வழி வந்தவர். ஒரே ஊர், ஒரே பெயர், இருந்தும் கொடிவழி வேறு. உங்கள் மருமகன் எந்தக் கிளை என்பதுதான் கேள்வி.

ஜனாதிபதியிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். மருமகனிடமிருந்து தொடங்கி, அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு படியாக மேலே போங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850 முதல்தான் வீட்டிலுள்ள அடிமையல்லாத எல்லாருடைய பெயரும் வருகிறது. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. ஆகவே 1850க்கு முன்னால் போக உயில், நிலப் பத்திரம், சர்ச் பதிவு மூன்றும் வேண்டும்.

ஆபிரகாம் லிங்கனுக்கே தன் பூர்வீகம் தெரிந்திருந்ததா?

தெரிந்திருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும். ஹிங்காமைச் சேர்ந்த சாலமன் லிங்கன் 1848இல் அவருக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்காமிலிருந்து கென்டக்கி போனவர், அங்கே செவ்விந்தியர்களால் கொல்லப்பட்டவர், அதற்கு முந்தைய தலைமுறை பென்சில்வேனியா என்று கேள்விப்பட்டது. இவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. அதே வருடம் ஆபிரகாம், மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் முன்னாள் கவர்னர் லீவை லிங்கன் வீட்டில் விருந்து சாப்பிட்டார். இருவரும் சாமுவேல் வழிப் பங்காளிகள். ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தும் அந்த உறவை நிரூபிக்க இருவரிடமும் எதுவும் இல்லை. 1859இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிலும், இரு குடும்பங்களிலும் ஈனாக், லீவை, மார்டக்காய், சாலமன் போன்ற பெயர்கள் ஒத்துவருகின்றன, அதற்குமேல் எதுவும் உறுதியாகவில்லை என்றே எழுதினார்.

ஊகத்தை உண்மையென்று எழுதாத அந்த நேர்மையைக் கவனியுங்கள். ஆனால் அந்தப் பெயர்கள் நல்ல துப்பு. மார்டக்காய் போன்ற அபூர்வப் பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அங்கே தோண்ட வேண்டும். சாமுவேலின் மகன் மார்டக்காய், அவர் மகனும் மார்டக்காய். இந்த இரண்டாமவர்தான் நியூ ஜெர்சி போய், பிறகு பென்சில்வேனியாவில் குடியேறியவர். அவர் மகன் ஜான் வர்ஜீனியாவுக்கு நகர்ந்தார். பிற்காலத்தில் இந்தச் சங்கிலியைக் கோத்துக் கொடுத்தவை உயில்களும் நிலப் பத்திரங்களும்தான்.

ஒரே ஊரில் 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருவர். அப்பா, மகன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தக் காலத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார்! உறவுமுறைச் சொற்களும் அப்படியே. உயிலில் மருமகனைக் குறிக்கும் 'சன்-இன்-லா' என்ற சொல், மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகனையும் குறிக்கும். 'கசின்' என்றிருந்தால் அண்ணன் மகனாக இருக்கலாம். உயிலில் சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள் பெயர்களையும் குறித்து வையுங்கள். ஒரு தாமஸை இன்னொரு தாமஸிடமிருந்து பிரிப்பது பல நேரம் அந்தப் பெயர்கள்தான்.

கப்பல் பட்டியலில் உள்ள வயதும் ஞானஸ்நானப் பதிவும் ஒத்துவரவில்லை. வேறு ஆளா?

அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். சாமுவேல் லிங்கனுக்கே அந்தச் சிக்கல் உண்டு. 1637 ஏப்ரல் பட்டியலில் வயது 18. இங்கிலாந்து ஹிங்காம் சர்ச்சில் ஞானஸ்நானம் 1622 ஆகஸ்ட். கணக்குப்படி பதினைந்துகூட நிரம்பவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதே பொதுவான விளக்கம். இன்னொன்று: 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஒரு வருடம் முன்பின்னாகும்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை ஆங்கிலமாக மாற்றினார்களாமே?

இல்லை. பட்டியலைக் கப்பல் கம்பெனிகள் புறப்படும் துறைமுகத்திலேயே தயாரித்தன; அதிகாரிகள் அதைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே. ஜெர்மானிய ஷ்மிட் ஸ்மித்தானார், ஸிம்மர்மன் கார்பென்டரானார். ஆகவே ஸ்மித் என்றால் இங்கிலாந்து என்று முடிவு கட்ட முடியாது.

டிஎன்ஏ சோதனை எடுத்தால் தெரிந்துவிடுமா?

ஒரு பகுதி தெரியும். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது, குடும்பப்பெயர் போலவே. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் ஆராய்ந்தபோது, அபூர்வப் பெயர்க்காரர்களிடம் ஒரே ஒய் வகை அடிக்கடி வந்தது; ஸ்மித்களிடம் அப்படி வரவில்லை. மருமகனும், சாமுவேல் வழி என்று ஆவணத்தால் நிரூபித்த ஒரு லிங்கனும் சோதித்து ஒத்துவராவிட்டால், அந்த ஆண்வழி உறவு இல்லை. ஒத்துவந்தால் பொது மூதாதை உண்டு. அது யார் என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

நாங்கள் பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியர். தாத்தா ரயில்வே, பெயர் ஸ்மித். இங்கிலாந்தில் எங்கே தேடுவது?

இங்கிலாந்துக்கு இப்போதே போகாதீர்கள். அங்கே ஸ்மித்கள் கடல்போல. சென்னையிலேயே தொடங்குங்கள். கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயப் பதிவேடு 1680லிருந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழில் அவர் அப்பாவின் தொழிலோ ரெஜிமென்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். ரெஜிமென்ட் பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த படியைச் சேர்ந்தே தேடுவோம்.