காம்பி பாய்லரில் ப்ரீஹீட்: போட்டு வைக்கலாமா, அணைத்துவிடலாமா?

காம்பி பாய்லர் என்பது, ரேடியேட்டர்கள் வழியாக அறைகளைச் சூடாக்குவதையும் (ஹீட்டிங்) குழாய்க்கு வெந்நீர் தருவதையும் சேர்த்தே செய்யும் கேஸ் கருவி. அதற்கு வெந்நீர்த் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்த பிறகுதான் அது தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கும். அதிலுள்ள ப்ரீஹீட் வசதியைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். இந்த பாய்லர்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில் என்பதால், தெரிந்தவரை விவரமாகவே சொல்கிறேன்.

கேள்வி: ப்ரீஹீட் உண்மையில் என்ன செய்கிறது? என் பாய்லரில் அந்தப் பெயரில் பொத்தானே இல்லையே?

குழாயைத் திறந்ததும் பாய்லருக்குள் சில வேலைகள் வரிசையாக நடக்க வேண்டும். தண்ணீர் ஓடுவதை ஒரு சென்சார் கண்டுபிடிக்கும். ரேடியேட்டர் பக்கம் திரும்பியிருக்கும் வால்வு வெந்நீர்ப் பக்கம் திரும்பும். விசிறி சுழன்று உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிய பிறகுதான் தீ பற்றும். பற்றிய பிறகும், பாய்லரின் சொந்தத் தண்ணீர் முதலில் சூடாகி, தகடு வெப்பமாற்றி வழியாக உங்கள் குழாய்த் தண்ணீருக்கு அந்தச் சூட்டைக் கொடுக்க வேண்டும். இதற்கு 10 முதல் 20 விநாடி வரை ஆகலாம். ப்ரீஹீட் போட்டிருந்தால், யாரும் குழாயைத் தொடாத நேரத்திலும் பாய்லர் அவ்வப்போது சற்று நேரம் எரிந்து, அந்தத் தகடுகளைச் சூடாகவே வைத்திருக்கும்.

இதையே சில நிறுவனங்கள் 'கம்ஃபர்ட்' என்கின்றன, சில 'வார்ம் ஸ்டார்ட்' என்கின்றன. உங்களுடையதில் 'எக்கோ' என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் எக்கோவைப் போட்டால் ப்ரீஹீட் நின்றுவிடும்.

கேள்வி: ப்ரீஹீட் போட்டும் மாடிக் குளியலறையில் அரை நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பாய்லரில் கோளாறா?

கோளாறு இல்லை. ப்ரீஹீட் சூடாக வைப்பது பாய்லருக்குள் இருக்கும் கொஞ்சம் தண்ணீரை மட்டும்தான். பாய்லருக்கும் உங்கள் குழாய்க்கும் நடுவில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை அது ஒன்றும் செய்யாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 மில்லிமீட்டர் செப்புக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 145 மில்லிலிட்டர் தண்ணீர் நிற்கும். குளியலறை 15 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 2.2 லிட்டர். வாஷ்பேசினில் நிமிஷத்துக்கு 5 லிட்டர் வருகிறது என்றால், அந்தப் பழைய தண்ணீர் வெளியேறவே 26 விநாடி போய்விடும். குழாய் 22 மில்லிமீட்டராக இருந்தால் மீட்டருக்கு 320 மில்லிலிட்டர், இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆகவே ப்ரீஹீட்டால் பலன் கிடைப்பது பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் குழாய்களுக்குத்தான். தூரத்துக் குளியலறைக்காக அதைப் போட்டு வைத்திருந்தால், தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அதற்கு எவ்வளவு கேஸ் செலவாகும்? ஒருவர் ஒன்றுமே இல்லை என்கிறார், இன்னொருவர் பில் எகிறும் என்கிறார்.

அது பாய்லருக்கு பாய்லர் மாறும். அதனால் நீங்களே அளந்து பார்ப்பதுதான் நல்லது. வெயில் காலத்தில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, படுக்கப் போகும்போது கேஸ் மீட்டரை மூன்று தசம இலக்கத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். அந்த வித்தியாசம் முழுக்க ப்ரீஹீட் தின்றதுதான் (கேஸில் ஓடும் வேறு எதுவும் இரவில் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). மறுநாள் ப்ரீஹீட்டை அணைத்துவிட்டு அதையே செய்தால், மீட்டர் நகரவே கூடாது.

உதாரணத்துக்கு, 8 மணி நேரத்தில் 0.040 கன மீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட், அதாவது கிலோவாட் மணி. அப்படியானால் இரவுக்கு 0.44 யூனிட், நாளுக்கு 1.3 யூனிட், வருடத்துக்கு 480 யூனிட் அளவில். ஓர் ஐந்து நிமிஷ ஷவருக்கும் ஏறக்குறைய அந்த 1.3 யூனிட்தான் ஆகும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் தினமும் ஒருவர் கூடுதலாகக் குளித்துவிட்டுப் போவது போல. பெரிய தொகை இல்லைதான், ஆனால் பலன் இல்லாத வீட்டில் அதை ஏன் கொடுக்க வேண்டும்?

கேள்வி: அணைத்தால் தண்ணீர் வீணாகிறதே?

நியாயமான கவலை. பாய்லர் 10 விநாடி தாமதித்து, குழாயில் நிமிஷத்துக்கு 6 லிட்டர் வந்தால், ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் கூடுதலாகப் போகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படிப் போகாது. காலையில் ஒருவர் பின் ஒருவராகப் பயன்படுத்தும்போது பாய்லர் ஏற்கனவே சூடாகத்தான் இருக்கும். தண்ணீர் அருமையாக இருக்கும் இடத்தில் நான் ஒரு வாளியை வைத்துப் பிடிக்கச் சொல்வேன். செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம்.

கேள்வி: குளிர்காலத்திலும் அணைக்க வேண்டுமா?

ஹீட்டிங் ஓடும் நேரத்தில் பாய்லருக்குள் சூடான தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். ப்ரீஹீட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பாய்லர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், கசியும் சூட்டில் ஒரு பகுதி வீட்டுக்கே உதவும். வெயில் காலத்தில் அத்தனையும் நஷ்டம்தான்.

கேள்வி: நள்ளிரவில் பாய்லர் தானாக எரிகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ப்ரீஹீட் செய்யும் வேலையாகத்தான் இருக்கும். அதை அணைத்த பிறகும் எரிந்தால் விசாரிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹீட்டிங் அணைத்திருக்கும்போது ஏதாவது ரேடியேட்டர் வெதுவெதுப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் நான் முதலில் சொன்ன அந்தத் திசைதிருப்பும் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். நீங்களாக மூடியைக் கழற்ற வேண்டாம், உரிமம் பெற்ற கேஸ் தொழில்நுட்பரை அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். ப்ரீஹீட் கெடுதலா?

ஆமாம், கடின நீர் என்றால் நான் அணைக்கவே சொல்வேன். தகடுகளுக்கு இடையே தண்ணீர் ஓடாமல் சூட்டில் நிற்க நிற்கச் சுண்ணாம்பு படியும். படிந்தால் வெந்நீர் சூடாகவும் ஆறியும் மாறி மாறி வரும்.

கேள்வி: ஷவரில் தண்ணீர் மெல்ல வருகிறது. ப்ரீஹீட் உதவுமா?

உதவாது. 24 கிலோவாட் பாய்லர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தும்போது நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 10 லிட்டர்தான் தர முடியும். உள்ளே வரும் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்தால் அதற்கும் குறைவு.

கேள்வி: வீட்டில் கைக்குழந்தையும், மூட்டுவலியுள்ள அம்மாவும் இருக்கிறார்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் தேவைப்படுகிறது.

அப்படியானால் போட்டு வையுங்கள். அதற்காகத்தான் இந்த வசதியே இருக்கிறது. அம்மா குளிர்ந்த தண்ணீரில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உங்கள் பாய்லரில் நேரம் குறிக்கும் வசதி இருந்தால், இரவில் மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

கேள்வி: ப்ரீஹீட்டை அணைத்தாயிற்று. வேறு எங்காவது வீணாகிறதா?

ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களைப் பாருங்கள். கைப்பிடி நடுவில் இருந்தால், இரண்டு விநாடி கை கழுவினாலும் பாய்லர் எரியத் தொடங்கிவிடும். வெந்நீர் வந்து சேர்வதற்குள் நீங்கள் மூடிவிடுவீர்கள். எரித்த சூடு பாய்லரிலும் குழாயிலும் ஆறிப்போகும். சின்ன வேலைக்குக் கைப்பிடியைக் குளிர்ப் பக்கமே முழுக்கத் திருப்பி வைத்துத் திறங்கள், வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் ஊரில் இருக்க மாட்டோம். என்ன செய்வது?

ப்ரீஹீட்டை அணைத்துவிட்டுப் போங்கள். குளிர்காலம் என்றால் மின்சாரத்தையோ கேஸையோ மட்டும் துண்டிக்காதீர்கள், உறைபனிக் காப்பு வேலை செய்ய இரண்டும் வேண்டும். திரும்பி வந்ததும் குழாய்களைத் திறந்து, நின்றுபோன தண்ணீரை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்ட பிறகு குளியுங்கள்.