மாடசாமிக் கல்லிலிருந்து 60 அடி

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில், நடைபாதை ஓரமாக, நண்பர் ஒருவர் போன டிசம்பர் விடுமுறையில் ஒரு கடிதப் பெட்டியை (குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, முத்திரை பதித்து வரும் விளையாட்டுப் பெட்டி) ஒளித்து வைத்திருக்கிறார். அவர் தந்த குறிப்பு இதுதான்: “பீலிக்கு (தண்ணீர் விழும் இடம்) மேலே மாடசாமிக் கல். அங்கே நின்று 140 பாகை பார். 60 அடி நட. இரட்டை டர்பன்டைன் மரத்தடி, வெயில் படாத பக்கம்.” ஜூலையில் பத்து வயது மகளோடு இரண்டு தடவை போய்த் தேடினேன். இரட்டை மரங்களே நாலைந்து நிற்கின்றன. பெட்டி கிடைக்கவில்லை. மகளிடம் பதிப்பதற்குச் சொந்த முத்திரையும் இல்லை. என்ன செய்யலாம்? (பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் குறிப்பில் இரண்டு சொற்கள் வழியை மறிக்கின்றன. ஒன்று ‘அடி’. நம் பேச்சில் எட்டி வைக்கும் ஒவ்வோர் அடியும் அடிதான், அளவு நாடாவில் இருக்கும் 12 அங்குலமும் அடிதான். நாடா அடி என்றால் 60 அடி ஏறத்தாழ 18 மீற்றர். வளர்ந்தவர் சமதரையில் எடுத்து வைக்கும் 60 எட்டு ஏறத்தாழ 45 மீற்றர். அதுவே ஏற்றமாக இருந்தால் எட்டு சுருங்கிவிடும், 30 மீற்றரே வரலாம். சாரணர் பிள்ளைகளுக்குத் திசைகாட்டி சொல்லிக் கொடுக்கும்போது, ஒரே சரிவில் பத்துப் பேரை எண்ணிக்கொண்டு நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் நின்றவனுக்கும் கடைசியில் நின்றவளுக்கும் நடுவே இரண்டு லயக் காம்பரா நீளம் இருந்தது. மகள் எண்ணி நீங்கள் தேடியிருந்தால், வேறு மரத்தடியைத்தான் கிளறியிருப்பீர்கள்.

மற்றது ‘வெயில் படாத பக்கம்’. பண்டாரவளை கிட்டத்தட்ட வடக்கு 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. நண்பர் பெட்டியை வைத்தது டிசம்பரில். அன்று அவர் கண்ட நிழல் மரத்தின் வடக்குப் பக்கம். நீங்கள் போனதோ ஜூலையில். நிழலைப் பார்த்துத் தேடியிருந்தால் தெற்குப் பக்கத்தைத்தான் தோண்டித் துருவியிருப்பீர்கள். அடுத்த தடவை ஒவ்வோர் இரட்டை மரத்திலும் வடக்குப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

சரி, எப்படி நடப்பது? முடிவிடத்தில் நின்று சுற்றிச் சுற்றித் தேடாமல் திரும்பக் கல்லடிக்கே போங்கள். திசைகாட்டியை மகளிடம் கொடுத்து அங்கேயே நிறுத்துங்கள். அவள் 140 பாகையைப் பார்த்து “இடது, வலது” என்று சொல்லச் சொல்ல, அவள் கண்ணில் படும்படியே நீங்கள் நடங்கள். 10 பாகை பிசகினால் 45 மீற்றரில் 8 மீற்றர் தள்ளிப் போய்விடுவீர்கள். இரும்புக் குழாயில் விழும் பீலியானால் அதற்குப் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டாம். கைபேசியில் பார்ப்பதானால் காந்த மூடி போட்ட உறையைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கோட்டில் 18 மீற்றரை ஒட்டியும், 30 முதல் 45 மீற்றருக்குள்ளும் நிற்கும் இரட்டை மரங்களை மட்டும் பார்த்தால் போதும். நாலைந்து மரம் ஒன்றோ இரண்டோ ஆகிவிடும்.

மரத்தடியில் கையை விடுவதற்கு முன் கண்ணால் தேடுங்கள். தானாகக் கிடக்கும் கல்லின் கீழ் விளிம்பு மண்ணில் புதைந்திருக்கும், பாசி கல்லிலிருந்து மண்ணுக்குத் தொடர்ச்சியாக இறங்கும். ஒருவர் கொண்டுவந்து வைத்த கல் மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும், பாசி பாதியில் அறுந்திருக்கும். வேர் இடுக்கில் சருகு அளவுக்கு மீறி அடைந்திருந்தாலும் சந்தேகப்படலாம். அதைத் தடியால்தான் விலக்க வேண்டும். விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும், ஆகவே பொந்துக்குள் வெறுங்கை வேண்டாம். அதைவிட எனக்குக் குளவிதான் பயம். மலையகத்தில் குளவிக் கொட்டுக்கு ஆளாகாத தோட்டமே இல்லை எனலாம். போகும் வழியில் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, மேலே கூடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத கூடு இருக்காது.

காலையிலேயே ஏறிவிடுங்கள். பிற்பகலில் பனி மூட்டம் இறங்கினால் மகள் உங்களைப் பார்க்க முடியாது. அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்தால் ஓரளவு தப்பலாம்.

பெட்டி கிடைத்ததும் ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் திறங்கள். உள்ளே ஒரு கொப்பியும் ஓர் இறப்பர் முத்திரையும் இருக்கும். பெட்டியின் முத்திரையை உங்கள் கொப்பியில் பதியுங்கள். உங்கள் முத்திரையைப் பெட்டியின் கொப்பியில் பதிந்து திகதி எழுதுங்கள். இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில், 1854இல், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்து, நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையைப் போட்டுவிட்டுப் போக வழி செய்தார். இந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். முத்திரை பின்னால் சேர்ந்தது. மூடியை இறுக்கி, பொலித்தீனைச் சுற்றி, பாசிப் பக்கம் மேலே தெரியக் கல்லை வைத்தால்தான் அடுத்து வருபவருக்கும் தேடும் சுகம் மிஞ்சும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதே ஆசையில் ஹோட்டன் சமவெளிக்குப் போய்ப் பாதையை விட்டு இறங்கவோ பெட்டி வைக்கவோ வேண்டாம், அது தேசியப் பூங்கா. உங்கள் காடு தோட்டத்துக்குச் சொந்தமானால் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மகளின் முத்திரை. கடையில் வாங்க வேண்டாம். பெரிய அழிறப்பர் ஒன்று எடுங்கள். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்திப் படம் வரைந்து, தாளைக் கவிழ்த்து, அழிறப்பர்மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடம் வலம் மாறி ஒட்டிக்கொள்ளும். பதியும்போது நேராக வரும். கோட்டை விட்டுவிட்டு மற்ற இடங்களைச் சிறு கத்தியால் செதுக்க வேண்டும், கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். பெயர் வெட்டினால் தமிழ் எழுத்தின் சுழிகள் உடைந்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஒன்றை வரையச் சொல்லுங்கள், அவள் தினமும் பார்க்கிற வடிவம்.