தடுப்பூசி போட்டும் கொவிட் திரும்ப வருகிறதே, அப்புறம் ஊசி எதற்கு?

சிங்கப்பூர் தேக்காவில் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் இன்றும் காதில் விழும் கேள்விதான் இது. சுருக்கமாகச் சொன்னால், தொற்று வேறு, கடும் நோய் வேறு.

ஊசி போட்டதும் உருவாகி, மூக்கிலும் தொண்டையிலும் கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைந்துவிடும். 2021 கடைசியில் வந்த ஓமிக்ரான், 2022 அக்டோபரில் இங்கே பரவிய எக்ஸ்பிபி போன்ற திரிபுகள் அவற்றுக்குப் பிடிகொடுக்காமல் நழுவின. அதனால்தான் ஒருமுறை வந்தவருக்கும் மறுபடி வந்தது. ஆனால் ஊசியால் உருவாகும் நினைவு அணுக்கள், அதாவது கிருமியை அடையாளம் நினைவில் வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள், நீண்ட காலம் இருக்கும். நுரையீரல் வரை நோய் இறங்காமல் காப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

"மருத்துவமனையில் இருப்பவர்களில் பலர் ஊசி போட்டவர்களாமே?" என்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். 1,000 பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 9 பேரும், போடாத 100 பேரில் 6 பேரும் மருத்துவமனைக்குப் போகிறார்கள். எண்ணிக்கையில் ஊசி போட்டவர்கள்தான் அதிகம். ஆனால் ஆபத்து அவர்களுக்கு 1 விழுக்காடு, மற்றவர்களுக்கு 6 விழுக்காடு. 2021 ஆகஸ்ட் இறுதியிலேயே சிங்கப்பூரில் 80 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த விவாதத்தில் இறங்கக்கூடாது.

பரிசோதனை விஷயம்: குணமான பிறகும் பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனை பல வாரங்கள் தொற்று என்று காட்டலாம், செத்த கிருமியின் மிச்சத்தையும் அது பிடிக்கும். அதை மறுதொற்று என்று பயப்பட வேண்டாம். வீட்டிலேயே செய்யும் ஏஆர்டி விரைவுப் பரிசோதனையில் ஒற்றைக் கோடு, அதாவது தொற்று இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் இருந்தால் அடுத்த நாள் மறுபடி சோதித்துப் பாருங்கள். வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்தால் கட்டாயம் மறுபடி சோதித்துப் பாருங்கள்.