நாள் முழுக்கப் படம் பார்க்கிறாள், டிசைன் படிக்க இது உதவுமா?

கேள்வி: மகள் பிளஸ் ஒன், வணிகவியல் பிரிவு. டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். எப்போது பார்த்தாலும் பின்ட்ரெஸ்ட், இன்ஸ்டாகிராம். கேட்டால் "ரெஃபரன்ஸ் பார்க்கிறேன்" என்கிறாள். தடுப்பதா, விடுவதா?

பதில்: தடுக்க வேண்டாம், இப்படியே விடவும் வேண்டாம். பார்க்கும் இடத்தையும் பார்க்கும் விதத்தையும் மாற்றினால், இதே நேரம் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியாகிவிடும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். வணிகவியல் எடுத்ததால் வாய்ப்பு போய்விடவில்லை. ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். (டிசைன் இளநிலைப் பட்டம்) சேர்வதற்கான யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். அதை பம்பாய் ஐ.ஐ.டி. நடத்துகிறது, வழக்கமாக ஜனவரியில் வரும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.க்கும் (NID), ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்டின் (NIFT) பி.டெஸ்.ஸுக்கும் இதே நிலைதான். யூசீடில் கணினியில் விடையளிக்கும் பகுதியோடு, தாளில் கையால் வரையும் பகுதியும் உண்டு. இணையத்தில் ஆயிரம் படம் பார்த்த பிள்ளைகளும் திணறுவது அங்கேதான். கண்ணுக்குப் பிடித்தது கைக்கு வருவதில்லை.

ஏன் வருவதில்லை? பின்ட்ரெஸ்டில் ஒரு படத்தைச் சேமித்தால், அதே சாயலில் இன்னும் ஐம்பது படம் வந்து நிற்கும். ஒரு வாரத்தில், சேமித்த படங்கள் அடுக்கியிருக்கும் பலகை முழுக்க ஒரே நிறம், ஒரே வளைவு, ஒரே மாதிரி முகம். ரசனை வளர்வதுபோல் தெரியும்; உண்மையில் அது குறுகிக்கொண்டிருக்கும். இரண்டாவது சிக்கல், படம் அங்கே அநாதையாக நிற்கிறது. யார் வரைந்தது, எப்போது, எதில், எந்த அளவில் என்ற நான்கும் உதிர்ந்துபோயிருக்கும்.

எனவே முதல் பழக்கம் இதுவாக இருக்கட்டும்: ஒரு படம் பிடித்துப்போனால் உடனே சேமிக்காமல், கூகுள் லென்ஸில் போட்டு மூலத்தைத் தேடச் சொல்லுங்கள். கலைஞர், ஆண்டு, ஊடகம், அளவு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். எங்கே தேடினாலும் வேறு பின்ட்ரெஸ்ட் பலகைகளே வருகின்றன, பெயரே இல்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். இன்று அப்படிப்பட்ட படங்களில் கணிசமானவை ஏ.ஐ. உருவாக்கியவை. அவற்றைப் பார்த்து வரைந்து பழகினால், அவற்றில் உள்ள கட்டமைப்புத் தவறுகளும் கையில் ஒட்டிக்கொள்ளும். சிக்குக் கோலம் நல்ல சோதனை. கோட்டை விரலால் தொடர்ந்து போனால், புள்ளிகளைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து மூட வேண்டும். ஏ.ஐ. கோலங்களில் கோடு நடுவில் காணாமல் போகும், ஒரு புள்ளி சுற்றப்படாமல் நிற்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை நொடியில் பிடித்துவிடுவார்கள்.

இனி பார்க்க வேண்டிய இடங்கள். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பல, தங்கள் சேகரிப்பை உயர் தெளிவில் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012-லேயே இதைத் தொடங்கியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் (சுருக்கமாக மெட்) 2017-இல் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வெளியிட்டது. சிகாகோ கலைக்கழகமும் கிளீவ்லாந்து அருங்காட்சியகமும் ஸ்மித்சோனியனும் அடுத்தடுத்து இதே வழியில் வந்தன. ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'நைட் வாட்ச்' ஓவியத்தை ரைக்ஸ்மியூசியம் 71,700 கோடி பிக்சலில் படமெடுத்துத் தளத்தில் வைத்திருக்கிறது. வண்ணத்தில் விழுந்த விரிசல்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். நேரில் போனால்கூட அவ்வளவு அருகில் நிற்க விடமாட்டார்கள்.

இந்தத் தளங்களில் தேடுவது ஒரு கலை. 'இந்தியன் டிசைன்' என்று போட்டால் எதுவும் உருப்படியாக வராது. அருங்காட்சியகப் பட்டியலில் இருக்கும் சொற்களைப் போட வேண்டும்: தொழில்நுட்பம், இடம், நூற்றாண்டு. 'சின்ட்ஸ்' (Chintz), 'கோரமண்டல் கோஸ்ட்' (Coromandel Coast) என்று ஆங்கிலத்தில் தேடினால், நம் கிழக்குக் கரையில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கையால் வரைந்து சாயமிட்டு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பருத்தித் துணிகள் லண்டனின் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகம், ரைக்ஸ்மியூசியம் சேகரிப்புகளில் கிடைக்கும். கொடி எங்கே தொடங்குகிறது, எத்தனை கிளைக்கு ஒருமுறை பூ மாறுகிறது, ஓரக்கரை மூலையில் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜவுளி வடிவமைப்பில் முதல் பாடமே அதுதான். 'சோழா' (Chola), 'பிரான்ஸ்' (Bronze) என்று தேடினால் மெட்டிலும் கிளீவ்லாந்திலும் உள்ள செப்புத்திருமேனிகள் வரும். அவற்றை வரைந்து பழகிவிட்டு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். திரையில் தட்டையாகத் தெரிந்த இடுப்பு வளைவு அங்கே வேறாகத் தெரியும்.

நம் நாட்டில் இருந்து கட்டாயம் சேர்க்க வேண்டியது பம்பாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் பள்ளியான ஐ.டி.சி. நடத்தும் டி'சோர்ஸ் (D'source) தளம். வண்ணம், எழுத்துரு, வரைதல் பற்றிய பாடங்களும், நாடெங்கும் உள்ள கைவினைகளைப் படிப்படியாகப் படமெடுத்த பக்கங்களும் இலவசம். பெங்களூரின் மேப் (MAP) அருங்காட்சியகம் நடத்தும் மேப் அகாடமி தளத்தில் இந்தியக் கலை பற்றிய கலைக்களஞ்சியம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் யூடியூபுக்கு முன் அங்கே போகலாம்.

எப்படிப் பார்ப்பது என்பதுதான் அதிகம் சொல்ல வேண்டிய பகுதி. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை ஓவியம் உங்கள் மகளுக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும், டி-ஷர்ட்டில்கூட வருகிறது. 1830-32 வாக்கில் ஜப்பானில் வந்த மரச்செதுக்கு அச்சு அது. மெட், சிகாகோ இரண்டிலுமே ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன. இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, இடதுமேல் மூலையில் தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் அச்சிட்டதில் கோடு முழுமையாக இருக்கும். பின்னால் அச்சிட்டதில் அங்கங்கே விட்டுப்போயிருக்கும், மரக்கட்டை தேய்ந்துவிட்டது. வானத்தின் நிறமும் பிரதிக்குப் பிரதி மாறும். ஒரே படம் என்று நினைத்தது, ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என்று பல கைகள் சேர்ந்து செய்த பொருள் என்பது அப்போது புரியும். டிசைன் வேலை இன்றும் பெரும்பாலும் அப்படிக் கூட்டாகத்தான் நடக்கிறது.

அடுத்து அளவு. போனில் எல்லா ஓவியமும் ஒரே அளவு. பேரலையின் அளவு சுமார் 25.7 x 37.9 செ.மீ.; ஒரு ஏ3 தாளைவிடச் சற்றுச் சிறியது. ஒவ்வொரு படத்தின் அளவையும் குறிப்பிலிருந்து எடுத்து, செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, படத்தையும் அதையும் மாறிமாறிப் பார்க்கச் சொல்லுங்கள். அளவுணர்வு இப்படித்தான் வரும்.

பிறகு பென்சில். 2பி போதும். ஒரு ஏ4 பக்கத்தில் 5 x 7 செ.மீ. அளவில் ஆறு கட்டம். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, படத்தை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்ற மூன்று தொனிகளாக மட்டும் குறைத்து வரைய வேண்டும். கட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. முதல் இரண்டு கட்டத்தில் பிள்ளைகள் அலையின் நுரையிலேயே மாட்டிக்கொள்வார்கள். நான்காவதில்தான், அலையின் குழிவுக்குள் ஃபூஜி மலை எவ்வளவு சிறியதாக உட்கார்ந்திருக்கிறது, முன்னால் எழும் சின்ன அலை அந்த மலையின் வடிவத்தையே திருப்பிச் சொல்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். அதுதான் கற்றல். ட்ரேஸ் எடுத்தால் இது எதுவும் நடக்காது. கை ஓடும், கண் தூங்கும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், ஒரு படம். இதற்கு மேல் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை.

வண்ணத்தைப் படிக்கும்போது போனில் நைட் மோட், ஐ கம்ஃபர்ட் போன்றவற்றை அணைத்துவிட வேண்டும். அவை திரையை மஞ்சளாக்கிவிடும், நீலம் பச்சையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் நம்பக் கூடாது. அது சுருக்கப்பட்டிருக்கும், கோட்டின் ஓரம் சிதைந்திருக்கும். மூலத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவில் ஆர்வம் இருந்தால் கூகுள் ஃபான்ட்ஸ் தளமே ஒரு பள்ளிக்கூடம். தமிழ் என்று வடிகட்டி, 'வண்ணம்' என்று தட்டி, காட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் நான்கிலும் ஒப்பிடலாம். பிறகு தடிமனைக் கூட்டிக்கொண்டே போய் 'ண்ண' இரண்டையும் மட்டும் பார்க்கட்டும். ணகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளை இடம் கொஞ்சம்தான் இருக்கிறது. கோடு தடிக்கத் தடிக்க அது அடைபடும். எழுத்துருவாளர் அங்கே கோட்டை மெலிதாக்கினாரா, சுழியை அகலமாக்கினாரா, எழுத்தையே நீட்டினாரா? ஒவ்வொரு எழுத்துருவும் வேறு விடை சொல்லும். தமிழ் தெரிந்த டிசைனருக்கு மட்டுமே கண்ணில் படும் நுணுக்கம் இது.

டிசைனர்களும் ஓவியர்களும் தங்கள் வேலைகளைப் பதிவேற்றும் பிஹான்ஸ், ஆர்ட்ஸ்டேஷன் தளங்கள் வேறு வேலைக்கு. அங்கே அழகைவிடத் தொழிலைப் பார்க்க வேண்டும். பத்துப் பேரின் பக்கங்களைத் திறந்து, அவர் பேக்கேஜிங் செய்கிறாரா, செயலித் திரைகளா, அனிமேஷன் பின்னணியா, விளையாட்டுக் கதாபாத்திரமா, உண்மையான வாடிக்கையாளருக்குச் செய்ததா, பயிற்சிக்குச் செய்ததா என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெற்றோரும் கூட உட்காருங்கள். 'டிசைன் படித்தால் என்ன வேலை' என்ற உங்கள் கேள்விக்கு எங்கள் சொல்லைவிட அந்த நோட்டு நன்றாகப் பதில் சொல்லும். இறுதிப் படத்தை மட்டும் காட்டும் பக்கத்தைவிட, நிராகரித்த வரைவுகளையும் காட்டும் பக்கம் பத்து மடங்கு பயன் தரும்.

காப்புரிமை விஷயத்தில் இப்போதே ஒழுங்கு வேண்டும். இந்தியச் சட்டப்படி ஓவியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அருங்காட்சியகத் தளத்தில் 'பப்ளிக் டொமைன்' அல்லது 'சி.சி. ஜீரோ' (CC0) என்றிருந்தால் எதற்கும் பயன்படுத்தலாம். வாழும் கலைஞரின் படைப்பை வீட்டில் வரைந்து பழகலாம். தன் படைப்பாகப் பதிவேற்றக் கூடாது. போர்ட்ஃபோலியோவில் (சேர்க்கைக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பில்) வைத்தால் 'இன்னாரைப் பார்த்து வரைந்தது' என்று கீழே எழுத வேண்டும். நேர்காணலில் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டால், கூட இருக்கும் சொந்தப் படைப்புகளையும் சந்தேகிப்பார்கள்.

திரையை மூடிவிட்டுச் செய்ய ஒன்று. அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசு கேட்டு 1958-இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் என்.ஐ.டி. பிறந்தது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் அவர்கள் மிகவும் வியந்தது சாதாரணச் செம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைத்தா தலையில் வைத்தா தூக்குவது, எங்கே பிடிப்பது, எப்படிக் கழுவுவது என்று அடுக்கடுக்காகக் கேட்டிருப்பார்கள். அறிக்கை இணையத்திலேயே கிடைக்கிறது, சிறியது. அதைப் படித்துவிட்டு உங்கள் சமையலறையிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அதே மாதிரிப் பத்துக் கேள்வி எழுதி, மூன்று கோணத்தில் வரையட்டும். யூசீட் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாக இருக்கின்றன. வரைதல் பகுதியைப் பார்த்தால் இந்தப் பயிற்சி ஏன் என்பது உங்களுக்கே தெரியும். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் யோசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள். படம் சுமாராக இருந்தாலும் பக்கங்கள் நிரம்பியிருந்தால் பிளஸ் டூவில் தேர்வுக்குத் தயாராகலாம். ஓவியம் ஏறவில்லை, ஆனால் படங்களைப் பற்றிய குறிப்புகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்றால், அதையும் கவனியுங்கள். கலை வரலாறு, அருங்காட்சியகப் பணி, ஆவணக்காப்பு, கலைப்பொருள் பராமரிப்பு எல்லாம் அந்தக் குணத்தைத் தேடும் துறைகள். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் கலை வரலாறு தனிப் பாடமாகவே இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தையும் இருவரும் ஒருமுறை சேர்ந்து படித்துப் பாருங்கள்.