எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லும் தம்பியின் சம்மதம்

அறிவுத்திறன் குறைபாடுள்ள உங்கள் 24 வயதுத் தம்பி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்க 'சரி' என்கிறார். அது உண்மையான சம்மதம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பவர் மனம் கோணாமல் தலையாட்டுவது இவர்களில் பலருக்குப் பழகிப்போன ஒன்று.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "பல்லை எடுத்துடலாமா?" என்று கேட்டவர், சற்றுக் கழித்து "பல்லை அப்படியே விட்டுடலாமா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'சரி' வந்தால் விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. முடிவெடுக்கும் திறனே இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

படம் காட்டி, ஒரு தடவைக்கு ஒரே செய்தி. சொன்னபின் 10 விநாடி பேசாதீர்கள் (குடும்பத்தாருக்கு இதுதான் கஷ்டம்). பிறகு "ஊசி போட்டா கன்னம் எப்படி இருக்கும்?" என்று அவரையே சொல்லவோ சைகை காட்டவோ விடுங்கள். பசி, தூக்க நேரத்தில் வேண்டாம். மறுநாளும் கேளுங்கள்.

"காசு எண்ணத் தெரியாதவர், இதை எப்படி முடிவு செய்வார்?" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். திறன் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனி. ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவில், முடிவெடுக்க ஆதரவு தரச் சொல்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டால் அதுவும் பதில்தான், அன்றைக்கு நிறுத்துங்கள். முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் மட்டும் கணக்கு வேறு: உடனே அவசரப் பிரிவுக்கு.